இந்தக் காலில் இல்லை

குளத்து இறாலுக்கு நோய் வந்தால் முதலில் தெரிந்துகொள்வது காகம். காவல்காரர் விடியற்காலையில் கரையேறிப் பார்ப்பதற்கு முன்பே அதற்குச் செய்தி போய்விடும். நோய்கண்ட இறால் அடியில் தங்க முடியாமல் மேலே வந்து, கரையோரமாகத் திக்குத் தெரியாமல் நீந்தும். தீவனத் தட்டில் வைத்தது வைத்தபடி கிடக்கும். பக்கத்தில் பத்துக் குளங்கள் இருக்க, கொக்கும் காகமும் ஒன்றின் மேல் மட்டும் வட்டமிட்டால் அந்தக் குளத்தின் கதை முடிந்தது என்று நெல்லூரிலிருந்து நாகப்பட்டினம் வரை பண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இந்தப் பறவை செய்தி சொல்வதோடு நிற்பதுமில்லை. பாதி தின்ற இறாலை அடுத்த குளத்தில் போட்டுவிட்டும் போகும். குளத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டுவதும், கரையைச் சுற்றி நண்டு ஏறாதபடி வேலி அடிப்பதும் அதனால்தான்.

கடலில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஓர் இறால் கொஞ்சம் தளர்ந்தாலே போதும், பிடித்துத் தின்ன மீன் இருக்கிறது, நண்டு இருக்கிறது. கூடவே மேய்ந்துகொண்டிருந்த இன்னோர் இறாலே தின்றுவிடும். உடல் மிதப்பதில்லை, கரை ஒதுங்குவதுமில்லை. ஆகவே இழுவலையில் ஏறி வருகிற இறால் எல்லாமே அன்றைய தேதிவரை பிழைத்தவை. ஊரில் கொள்ளைநோய் வந்தால் சாவை எண்ணித்தான் அதன் அளவை அறிகிறோம். மாட்டுக்கும் கோழிக்கும்கூட அப்படித்தான். கடல் தன் சாவுக் கணக்கை யாருக்கும் காட்டுவதில்லை. இயற்கையில் வாழும் இறால்களிடம் வைரஸ் நோயைத் தேடும் வேலை இங்கேதான் ஆய்வகத்தைத் தாண்டி, அறிவது என்றால் என்ன என்ற பழைய கேள்விக்குள் கால் வைக்கிறது.

வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் 1992 வாக்கில் சீனா, தைவான் பண்ணைகளில் தலைகாட்டியது. 1993இல் சீனாவிலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு ஜப்பானுக்குப் போனது. 1994இல் நம் கிழக்குக் கரைக்கு வந்தது. 1999இல் பசிபிக்கின் மறுகரையில் ஈக்வடாரை அடித்துப்போட்டது. புகுந்த குளத்தில் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் சிறு வெள்ளை வட்டங்கள் தெரியும். சில சமயம் புள்ளியே இல்லாமலும் இறால் சாகும், சில சமயம் தண்ணீரின் காரத்தன்மையால் நோயே இல்லாமலும் புள்ளி விழும். தொண்ணூறுகளின் நடுவில் நகையை அடகு வைத்துக் குளம் வெட்டியவர்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. 

அப்போது குளத்துக்குக் குஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நூல் நேராகக் கடலுக்குப் போகும். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது. பொரிப்பகத்துக்குத் தாய்? காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விசைப்படகுக்காரர்கள் ஆழ்கடலில் பிடித்து, உயிர் போகாமல் காற்றூட்டிக் கரை சேர்த்த டைகர் இறால். ஒரு தாய் பல லட்சம் முட்டை இடும். நல்ல தாய்க்கு ஏலத்தில் ஆயிரக்கணக்கில் விலை போன காலம் உண்டு. சுமந்து வந்த படகுக்கும், வாங்கிய பொரிப்பகத்துக்கும், கடைசியில் குஞ்சு விட்ட விவசாயிக்கும் இருந்தது ஒரே கவலை: இந்தத் தாயிடம் அது இருக்கிறதா, இல்லையா?

2020க்குப் பிறகு பிசிஆர் சோதனை என்றால் விளக்க வேண்டியதில்லை. மூக்கில் குச்சி விட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். இறால் பண்ணைக்காரர்களுக்கோ அது இருபது வருடம் முன்பே வீட்டுப் பேச்சு. ‘சீட்’ என்னும் குஞ்சு வாங்கப் போகிறவர் பிசிஆர் தாளைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் லாரி ஏறுவார். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்கான சோதனைப் பெட்டியை உருவாக்கித் தந்தது. கடலே கண்ணில் படாத மேல்விஷாரத்தில், தோல் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிற அப்துல் ஹக்கீம் கல்லூரியில், இந்த வைரஸ் எந்தெந்த உயிரில் எப்படித் தங்குகிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். எனக்கு அது எப்போதும் வியப்பு.

தாய் இறாலைக் கொன்று சோதித்தால் பிறகு முட்டை ஏது? அதனால் வயிற்றுக்கு அடியில் நீந்துவதற்கு இருக்கும் கால்களில் ஒன்றின் நுனியைக் கத்தரித்து எடுப்பார்கள். அதை நசுக்கி, வைரஸின் மரபுப் பொருளில் ஒரு சிறு துண்டு இருக்கிறதா என்று தேடுவார்கள். வைரஸின் முழு நீளம் ஏறத்தாழ மூன்று லட்சம் எழுத்து. தேடுவது ஆயிரம் எழுத்துக்கும் குறைவான ஒரு பகுதியை. முதல் சுற்றிலேயே தெரிந்தால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். இரண்டாம் சுற்றில்தான் தெரிகிறது என்றால் கொஞ்சமாகச் சுமக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் தாளில் ‘நெகட்டிவ்’ என்று அச்சாகி வரும். மரக்காணம் பக்கத்துப் பொரிப்பகம் ஒன்றில் அப்படியொரு தாளைக் கையில் வைத்திருந்த இளைஞரிடம், “அப்படின்னா இந்த இறாலுக்கு நோய் இல்லைன்னு அர்த்தமாப்பா?” என்று கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னார்: “இந்தக் காலுல இல்லைங்க சார்.”

வேடிக்கையாகச் சொல்லவில்லை அவர். தொழில் கற்றுக்கொடுத்த துல்லியம் அது. கடலிலிருந்து வந்த தாயைத் தொட்டியில் விட்டு, சினை முதிர்வதற்காக ஒரு கண்ணின் காம்பை நசுக்கி எடுக்கிறார்கள். இறாலின் பருவத்தைத் தடுத்து நிறுத்தும் சுரப்பி அந்தக் காம்பில்தான் இருக்கிறது. பிறகு அது முட்டை இடுகிறது. முட்டை இடுவதற்கு முன்பு ‘நெகட்டிவ்’ ஆக இருந்த தாய்களில் சில, இட்டு முடித்த பிறகு ‘பாசிட்டிவ்’ ஆக மாறுவதைத் தைவானில் ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலேயே கண்டார்கள். வெளியிலிருந்து புதிதாக எதுவும் வரவில்லை. முன்பும் அது உடம்பில்தான் இருந்தது, சோதனைக்கு எட்டாத அளவில். கண்ணை இழந்து, ஊர் மாறி, முட்டையைப் பெற்று இறக்கி உடம்பு தளர்ந்தபோது வெளியே வந்தது. அதனால் முட்டையிட்ட பிறகும் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது பொரிப்பகங்களுக்குச் சொல்லப்பட்ட நடைமுறை. எல்லாரும் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஓர் இறாலிடமே இந்தப் பாடு என்றால், கடலிடம் எப்படிக் கேட்பது?

கேட்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடலில் நூற்றுக்கு ஐந்து இறாலிடம் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்மூடி அள்ளிய 60 இறாலைச் சோதித்தால், ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. நூற்றுக்கு இரண்டு என்றால் அதே உறுதிக்கு 150 வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்றால் 300. திருப்பிப் பார்த்தால் இது கொஞ்சம் பயமுறுத்தும். நூற்றுக்கு ஒன்று நோய் இருக்கும் கடலில் 60 இறாலைச் சோதித்துவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். அதுவும் சோதனை பிசகாது, இறால்கள் நன்றாகக் கலந்து திரிகின்றன என்று வைத்துக்கொண்டால்தான். அவை அப்படித் திரிவதில்லை. ஒரே இழுப்பில் ஏறிய 150 இறாலும் ஒரே கூட்டம். ஒரே சேற்றில் மேய்ந்தவை, ஒன்றின் சவத்தை மற்றொன்று தின்றவை. அவற்றை 150 தனித்தனிச் சாட்சிகள் என்று நீதிமன்றம்கூட ஏற்காது.

இன்னொரு குறையும் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. காட்டு வாத்துக் கூட்டத்தில் ஒரு வைரஸ் வந்து போனதா என்று அறிய வேண்டுமானால் உயிரோடிருக்கும் வாத்தின் ரத்தத்தை எடுத்து அதில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடலாம். நோய் போய்விட்டாலும் அது வந்த தடம் ரத்தத்தில் நிற்கும். இறாலுக்கு அப்படிப்பட்ட எதிர்ப்புப் புரதம் கிடையாது. கணுக்காலிகளின் உடல் அந்த வழியில் நோயை நினைவில் வைப்பதில்லை. ஆகவே ‘போன வருஷம் இந்தக் கடலில் நோய் வந்ததா?’ என்ற கேள்வியை இறாலிடம் அந்த வகையில் கேட்கவே முடியாது. அதற்கு ஆயுளும் இரண்டு வருடத்துக்குள்தான். ஆழத்தில் பிறந்து, குஞ்சாகப் பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் கழிகளுக்குள் வந்து வளர்ந்து, முகத்துவாரம் வழியே மறுபடி கடலுக்குப் போய்விடும். நோய் கண்டு செத்தவை தின்னப்பட்டுவிட்டன. மீண்டவை இரண்டு மழைக்காலத்துக்கு மேல் இருப்பதில்லை. கேட்கப் போகிறவருக்குக் கிடைப்பது இன்றைய இறால் மட்டும்.

ஒன்று இல்லை என்பதை எப்படி அறிவது என்பது பழைய கேள்வி. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் வைதிகவாதி, உண்மையை அறியும் வழிகள் என்று பத்து அளவைகளை அடுக்குகிறார். காண்பது, கருதுவது, ஒப்பிடுவது என்று போகும் அந்த வரிசையில் அபாவமும் உண்டு. ஒன்றின் இல்லாமையை அறிவதும் அறிவதற்கான ஒரு தனி வழி என்கிறது அந்த மரபு. பிறகு சைவ சித்தாந்திகளும் தம் அளவை நூலில் இதை எடுத்துப் பேசினார்கள். வேத விளக்க மரபினரான மீமாம்சகர்கள் இதற்காக நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள். தரையில் குடம் இல்லை என்று எப்படித் தெரிந்தது? தரையைப் பார்த்தாய், தரை தெரிந்தது, குடம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான், தெரியாமையிலிருந்து இல்லாமையை அறியலாம். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதற்காகக் குடம் இல்லை என்று சொல்லக் கூடாது.

60, 150, 300 என்ற எண்கள் எல்லாம் அந்த நிபந்தனையைத்தான் பேசுகின்றன என்பது இதைப் படித்த பிறகு எனக்குப் பட்டது. இருந்திருந்தால் தெரிந்திருக்குமா? எவ்வளவு இருந்திருந்தால்? எத்தனை பங்கு உறுதியோடு? பழைய தர்க்கவாதி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விட்ட இடத்தில் புள்ளியியல் ஓர் எண்ணை வைத்தது. கடல் இருட்டறைதான். விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று மட்டும் நம்மால் அளக்க முடியும்.

‘இருக்கிறது’ என்பதாவது உறுதியா என்றால், அதுவும் நாம் நினைப்பதுபோல இல்லை. ஐஎச்எச்என் என்று சுருக்கமாகச் சொல்லும் இன்னோர் இறால் வைரஸை 1981இல் ஹவாயில் கண்டார்கள். அதைத் தேடி ஆப்பிரிக்கக் கடற்கரையிலும் ஆஸ்திரேலியாவிலும் பிடித்த டைகர் இறால்களைச் சோதித்தபோது நிறையப் ‘பாசிட்டிவ்’ வந்தது. ஆனால் அவற்றை அரைத்து மற்ற இறாலுக்கு ஊட்டினாலும் நோய் தொற்றவில்லை. பிறகுதான் புரிந்தது: சோதனை கண்டுபிடித்தது வைரஸை இல்லை; அதன் மரபுப் பொருளைப் போன்ற ஒரு துண்டு அந்த இறால்களின் சொந்த மரபணுவிலேயே தைக்கப்பட்டுக் கிடந்தது. எப்போதோ ஒரு மூதாதை இறாலுக்குள் நுழைந்து, பரம்பரைச் சொத்தாகிவிட்ட துண்டு. தாய்லாந்தில் நெடுங்காலம் பணியாற்றிய டிம் ஃபிளெகல், இப்படிப்பட்ட துண்டுகள்தான் இறாலுக்கு ஒருவகை நினைவாகவும் காப்பாகவும் உதவக்கூடும் என்று ஒரு கருத்தை வைத்தார். எதிர்ப்புப் புரதம் இல்லை என்று மேலே சொன்னேனே, அந்தக் குறையை அது வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்கிறதோ என்னவோ. அப்படியானால் சோதனைத் தாளில் ‘பாசிட்டிவ்’ என்று வரும் சில இறால்கள், நோயாளி என்பதற்கு நேர்மாறாக, நோயைத் தாண்டி வந்த பரம்பரையாகவும் இருக்கலாம்.

வெள்ளைப்புள்ளி வைரஸையே உண்மையாகச் சுமக்கும் இறாலும் கடலில் நன்றாகத்தான் மேய்கிறது. நண்டுகள் பல அதைச் சுமந்துகொண்டு ஒரு குறையும் இல்லாமல் திரிகின்றன. தண்ணீரின் சூடு 32, 33 டிகிரியில் நின்றால் தொற்றிய இறாலும் பிழைத்துக்கிடப்பதும், சூடு குறைந்ததும் சாகத் தொடங்குவதும் ஆய்வகத் தொட்டிகளில் பார்த்த செய்தி. அதே வைரஸ், ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து நாற்பது வரை என்று குஞ்சு அடைத்த குளத்தில், நள்ளிரவில் பிராணவாயு குறைந்த வேளையில், மழை பெய்து உப்பு சட்டென்று இறங்கிய மறுநாளில், மூன்றே நாளில் குளத்தைக் காலி செய்கிறது. வைரஸ் கடலில் இருக்கலாம். அதை நோயாக்கியதில் குளத்துக்குப் பங்கு உண்டு. கடலிலிருந்து நோய் வந்து குளத்தைக் கெடுத்தது என்று பண்ணைக்காரர் சொல்வார். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கடலைக் கெடுத்தார்கள் என்று மீனவர் சொல்வார். 1994க்கு முன்பு நம் கடலில் எடுத்து வைத்த இறால் மாதிரிகளின் நீண்ட வரிசை இருந்தால் இந்த வழக்கில் ஏதாவது தீர்ப்பு சொல்லலாம். குளம் சாகத் தொடங்கிய பிறகுதான் கடலைச் சோதிக்கத் தொடங்கினோம். சோதித்தபோது கடலில் அது இருந்தது.

இந்த வகையில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. உலகம் முழுக்க இறால் வளர்க்கும் நாடுகளில் இந்த நோய் பரவிய பிறகும் அங்கே அது வேரூன்றாமல் இருந்தது. 2000இல் டார்வினில், வெளிநாட்டு இறாலைத் தீவனமாகப் போட்ட இடத்தை ஒட்டித் துறைமுகத்து உயிர்களிடம் வைரஸ் தென்பட்டது. பிறகு நாடு தழுவித் தேடினார்கள், எங்கும் அகப்படவில்லை. 2016 டிசம்பர் 1 அன்று குவீன்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் நோய் உறுதியானது. சில மாதங்களில் அந்த ஆற்றங்கரையில் ஏழு பண்ணைகள். குளம் குளமாகக் குளோரின் கொட்டி எல்லாவற்றையும் அழித்தார்கள். 2017 மார்ச்சில் ஆறு போய்ச் சேரும் மோர்ட்டன் விரிகுடாவிலேயே இயற்கை இறாலிடமும் நண்டிடமும் அகப்பட்டது. தூண்டிலில் கோத்துப் போட்ட, கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பச்சை இறால் வழியாக வந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக இருந்தது. மனிதர் தின்பதற்கு வந்த இறால் தூண்டில் முள்ளுக்குப் போன கதை.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் என் கவனத்தை இழுத்தது. கலவுண்ட்ராவிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் எல்லை வரை ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் பிடித்த பச்சை இறாலும் தூண்டில் புழுவும் வெளியே போகக் கூடாது; வேக வைத்தால் போகலாம். இரண்டு வருடம் தொடர்ந்து தேடி எதுவும் அகப்படாவிட்டால்தான் நோயில்லாத இடம் என்று உரிமை கோரலாம் என்பது சர்வதேச விதி. தேடினார்கள். 2018இல் விரிகுடாவின் வடபகுதியில் அகப்பட்டது. கணக்கு மறுபடி முதலிலிருந்து. 2020இல் மீண்டும் அகப்பட்டது. நடுவில் வலையில் எதுவும் வராத சுற்றுகளின்போது வைரஸ் எங்கே இருந்தது? அநேகமாக அங்கேதான். அதிகாரிகள் அந்தச் சுற்றுகளை ‘நோய் ஒழிந்தது’ என்று எழுதவில்லை. இத்தனை மாதிரியில் அகப்படவில்லை என்று மட்டும் எழுதினார்கள். கோட்டையும் எடுக்கவில்லை.

நம் கரையில் நடந்தது வேறு. 2009இல் வனாமி இறால் வளர்க்க அனுமதி கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்தது அது. அதன் தாய் இறால்கள் நோயற்றவை என்ற சான்றிதழோடு விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் கூடத்தில் சோதிக்கப்பட்டு, பொரிப்பகத்துக்குப் போகின்றன. விவசாயிக்கு அது நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதோடு ஒரு பழக்கம் தேய்ந்துபோனது. அதற்கு முன்பு கடலிலிருந்து பிடித்த தாய்களை யாரோ காசு கொடுத்துச் சோதித்தார்கள். எந்தத் துறைமுகத்துத் தாய், எந்த மாதத்துத் தாய், இரண்டாம் சுற்றில் வந்ததா இல்லையா என்று ஆயிரக்கணக்கான தாள்கள். அந்தத் தாயை வைத்துக்கொள்வதா, வீசுவதா என்று முடிவெடுத்ததும் தாளுக்கு வேலை முடிந்தது. ஒருவரும் கடலை ஆராய்வதாக நினைக்கவில்லை. ஆனாலும் வங்கக் கடலை அவ்வளவு இடங்களில் அவ்வளவு தொடர்ச்சியாக இந்த ஒரு கேள்வி கேட்டது அந்த வியாபாரம்தான். கடலிலிருந்து தாய் வேண்டாம் என்று ஆனபோது கேள்வியும் ஓய்ந்தது.

2013இல் தொடங்கிய, லக்னோவிலிருந்து ஒருங்கிணைக்கப்படும் நீர்வாழ் உயிரின நோய்க் கண்காணிப்புத் திட்டம் குளங்களைப் பார்க்கிறது. காசு போட்டவர் அழுவது அங்கேதான். கோடியக்கரைக்கு வெளியே வலையில் ஏறும் டைகர் இறாலைச் சோதிக்க இன்று பண்ணைக்காரருக்கோ பொரிப்பகத்துக்கோ பெரிய காரணம் இல்லை. அந்த இறாலிடம் நோய் இருப்பதாகச் செய்தியும் இல்லை. மீமாம்சகரின் நிபந்தனையை இந்தச் செய்தியில்லாமைக்கு வைத்துப் பார்த்தால் அது ஒரு நிமிடம் நிற்காது. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லும் அளவுக்கு யார் பார்த்தார்கள்? நம் கடலில் நோய் இல்லை என்ற வாக்கியத்தில் கடல் எவ்வளவு இருக்கிறது, நாம் எவ்வளவு இருக்கிறோம் என்று பிரித்தால், கடலின் பங்கு அநேகமாக ஒன்றுமில்லை. நமக்கு அதனிடம் என்ன தேவை இருந்தது, அந்தத் தேவை எந்த வருடம் தீர்ந்தது என்பதைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது.

செய்வதற்குக் கடினமான வேலையும் இல்லை. இறங்குதுறையில் மாதம் ஒருமுறை, ஒரே படகில் வாங்காமல் பல படகுகளிலிருந்து ஒரு கை இறால். செவுளில் ஒரு துணுக்கு, சாராயக் குப்பியில். பக்கத்தில் எழுத வேண்டியது: எந்தத் தேதி, எத்தனை பாகம் ஆழம், எத்தனை இறால், எந்த உறுப்பு, எந்தச் சோதனை, எத்தனையில் அகப்பட்டது, எத்தனையில் அகப்படவில்லை. அகப்படாததையும் எழுதுவதுதான் இதில் முக்கியம். அதை எழுதத்தான் யாருக்கும் கை வராது. தமிழ்நாட்டின் மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகமும் அதே ஊரில்தான் இருக்கிறது.